கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி: பெங்களூரிலிருந்து திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் கல்வி அறக்கட்டளைகளிலும் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகளிலும் பணியாற்றும் தமிழர்கள் பலர். கோலார், சாமராஜநகர் மாவட்டங்களிலும், ஒசூரைத் தாண்டித் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளிலும் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் துணைநிற்க இவர்களுக்குத் தனித் தகுதி உண்டு. தமிழும் கன்னடமும் சேர்ந்து அறிந்தவர்கள் எல்லையோரப் பள்ளிகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆயினும், நல்லெண்ணத்தோடும் போதிய பணத்தோடும் தொடங்கப்படும் பயிற்சிகளில் கணிசமானவை பயிற்சிப் பட்டறை நடந்த மண்டபத்தோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியரின் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டிய திட்டம், நம் கையில் தயாராக இருக்கும் கையேட்டிலிருந்து தொடங்கிவிடுவதே இதற்கு முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே.

வகுப்பைப் பார்க்காமல் பாடத்திட்டம் எழுதுவது

பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பாடவேளை என்ற கணக்கில் எழுதப்படுகின்றன. கிராமத் தொடக்கப் பள்ளியின் நிலை அதுவன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. அந்த இருவரும் ஐந்து வகுப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நாடு முழுவதும் ஓராசிரியர் பள்ளிகள் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. மூன்றாம் வகுப்புக்குப் பின்னங்களைச் சுவையாக நடத்துவது எப்படி என்று ஒரு நாள் முழுவதும் நாம் விளக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அதே அறையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லாத பயிற்சி அந்த ஆசிரியருக்கு உதவாது. அவருக்குத் தேவைப்படுவது வேறு: ஆசிரியர் அருகில் இல்லாமலே ஒரு குழு இருபது நிமிடம் பயனுள்ள வகையில் ஈடுபடக்கூடிய செயல்பாடுகள், மூன்று வகுப்புக்கும் பொதுவான ஒரு கருப்பொருளை மூன்று நிலைகளில் நடத்தும் முறை, பெரிய குழந்தைகள் சிறியவர்களுக்குச் சொல்லித்தரும்போது இருவருமே கற்கும்படி அமைக்கும் வழி.

ஆசிரியரிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். கர்நாடகத்தின் தொடக்க வகுப்புகளில், செயல்பாடுகள் வழியே மகிழ்ந்து கற்கும் 'நலி கலி' முறையின் அட்டைகள் இருக்கின்றன. இவற்றைப் படித்துப் பார்க்காமல் மூன்றாவதாக ஒரு முறையைக் கொண்டுபோய்த் திணித்தால், ஆசிரியர் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டுத் தம் பழைய முறைக்கே திரும்புவார். அதில் அவர்மீது குற்றம் எதுவும் இல்லை.

எழுத்து கற்பிப்பதில் இந்தத் தவறு இன்னும் ஆழமானது. ஆங்கில எழுத்து ஒலிகளைக் கற்பிப்பதற்காக உருவான பயிற்சியை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். தமிழில் உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் அமைப்பு, 216 வடிவங்களையும் சில விதிகளைக் கொண்டு பெற்றுவிட முடியும் என்ற வசதி ஆகியவற்றை அந்தப் பயிற்சி தொடுவதே இல்லை. தளிப் பகுதியில் குழந்தைகள் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். அந்த மொழிகளில் நான்கு தனி எழுத்துகளுக்குரிய ஒலிகள் தமிழில் 'க' என்ற ஒரே எழுத்துக்குள் அடங்குகின்றன. இடத்தைப் பொறுத்தே உச்சரிப்பு மாறுகிறது. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் வரும் எழுத்து ஒன்றுதான், ஒலி ஒன்றல்ல. இதை எப்படிப் படிப்படியாகப் பழக்குவது என்று தஞ்சாவூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ அங்கு பணியமர்ந்த ஆசிரியருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இரு மொழியும் தெரிந்த பெங்களூர்த் தமிழர் ஒருவர் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கினால், பத்துப் பொதுப் பயிற்சிகளைவிட அது மதிப்புடையதாக இருக்கும்.

ஆகவே, திட்டம் எழுதுவதற்கு முன்பு சில பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டம் முதல் மாலை மணி வரை உட்கார்ந்து பாருங்கள். கையில் குறிப்பேட்டோடு பின்வரிசையில் அமர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் அதை ஆய்வு என்றே ஆசிரியர் எடுத்துக்கொள்வார். ஒரு சிறு குழுவை நீங்களே பொறுப்பேற்று நடத்துங்கள். பேச்சு தானாகத் திறக்கும்.

அடுக்கடுக்காகக் கைமாற்றுவது

மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு, அவர்கள் வட்டார வளமையத்தில், கடைசியாக, அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கான குறுவள மையத்தில் என்று இறங்கிவரும் முறை செலவு குறைந்தது என்பதால் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் முதலில் உதிர்வது 'ஏன்' என்ற விளக்கம். அடுத்து உதிர்வது செய்துகாட்டல். கடைசிப் படியில் இருக்கும் ஆசிரியருக்குப் படக்காட்சித் தாள்களும் படிவங்களும் மட்டுமே வந்துசேர்கின்றன. அடுக்கு முறையைத் தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு நிபந்தனையாவது வேண்டும்: கருத்தாளராக வருகிறவர், மற்ற ஆசிரியர்கள் பார்த்திருக்க, உண்மையான குழந்தைகளுக்கு ஒரு பாடத்தை நடத்திக்காட்ட வேண்டும். பாடம் சரியாக அமையாமல் போனாலும் பரவாயில்லை. ஏன் அமையவில்லை என்று எல்லோரும் சேர்ந்து பேசும் அரை மணி நேரம்தான் அன்றைய பயிற்சியின் மிகச் சிறந்த பகுதியாக இருக்கும்.

பயிற்சி நாளோடு முடித்துக்கொள்வது

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் 1980களிலேயே இதைத் தெளிவாக எழுதினர்: விளக்கவுரை, செய்துகாட்டல், பயிற்சிக் கூடத்தில் செய்துபார்த்தல் ஆகிய மூன்றும் இருந்தாலும்கூட, வகுப்பறையிலேயே தொடர்ந்து துணைநிற்கும் ஒருவர் இல்லாவிட்டால் புதிய முறை அன்றாடக் கற்பித்தலுக்குள் வருவது அரிது. நம் நாட்டில் இந்தத் துணைக்கான அமைப்பு இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. 1990களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார, குறுவள மையங்கள் வந்தன. பள்ளிக்கு நேரில் சென்று கற்பித்தலில் உதவுவதே அவற்றின் நோக்கம். இன்று அங்குள்ள ஆசிரியர் பயிற்றுநர்களின் நேரத்தைப் புள்ளிவிவரம் திரட்டுவதும் படிவங்களைச் சரிபார்ப்பதும் விழுங்கிவிடுகின்றன. வெளி அமைப்புகள் செய்யும் பெருந்தவறு, இவர்களைக் கடந்து நேராகப் பள்ளிக்குள் நுழைவது. நாம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் வெளியேறிவிடுவோம்; பயிற்றுநர் அங்கேயே இருப்பார். அவருடைய படிவச் சுமையில் ஒரு பகுதியை நம் ஆள் ஏற்றுக்கொண்டு, அவரை வகுப்பறைக்கு விடுவிப்பது எளிய, ஆனால் பெரிய உதவி. ஒவ்வொரு பயிற்சி நாளுக்கும் குறைந்தது இரண்டு வகுப்பறைச் சந்திப்புகள் என்று வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பணம் போதவில்லை என்றால் பயிற்சி நாளைக் குறையுங்கள், சந்திப்பைக் குறைக்காதீர்கள்.

நம் நாட்காட்டியை அவர்கள்மீது சுமத்துவது

இது பெங்களூருக்கே உரிய தவறு என்று சொல்லலாம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, சட்டம் குறிப்பிடும் அளவை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. எனவே செலவாகாத பணம் சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பயிற்சிகளாகக் கொட்டுகிறது. இரு மாநிலங்களிலும் ஆசிரியர்கள் பாடங்களை முடிக்கவும் தேர்வுகளை நடத்தவும் திணறும் காலம் அதுதான். கற்றதைச் செய்துபார்க்க அந்தக் கல்வியாண்டில் நாட்களே மிச்சமிருக்காது. சூனில் பள்ளி திறக்கும்போது நினைவும் மிச்சமிருக்காது. நிதி வழங்குவோரிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லி, சூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களுக்கு வேலையை நகர்த்த வேண்டும்.

ஓராசிரியர் பள்ளியிலிருந்து ஆசிரியரை மூன்று நாள் வரவழைத்தால் அங்கே மூன்று நாள் கற்பித்தல் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணிமேம்பாட்டைச் சொல்கிறது. அதை மாதாந்தரக் குறுவளக் கூட்டங்களிலும் வகுப்பறைச் சந்திப்புகளிலும் பகிர்ந்தளிக்க முடியும்.

இணையத்தை மாற்றாகக் கருதுவது

2004இல் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் வழியாகத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடம் ஒளிபரப்பும் முயற்சி நடந்த இடங்களில் சாமராஜநகர் மாவட்டமும் ஒன்று. 2010இல் செயற்கைக்கோளின் பணிக்காலமே முடிந்துவிட்டது. இன்று தீக்‌ஷா என்ற அரசின் கல்வித் தளமும், அதில் 2020 முதல் இணையவழியில் வந்த நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சிகளும் அதைவிட எட்டக்கூடியவை. தரமானவையும் அவற்றில் உண்டு. சான்றிதழுக்காகக் காணொளியை ஓடவிடும் நிலை வராமல் இருக்க, ஒரு பாடத்தைப் பார்த்த ஆசிரியர்கள் ஐந்தாறு பேர் கூடிப் பேச வழி செய்தாலே போதும்.

ஆசிரியரைப் பெறுபவராக மட்டும் பார்ப்பது

1995ஆம் ஆண்டு, மைசூர் மாவட்டத்தின் எச்.டி.கோட்டே வட்டத்தில் நலி கலி தொடங்கிய விதத்தை நினைவில் கொள்வது நல்லது. அந்த வட்டாரத்து ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலி கல்வி மையத்துக்குச் சென்று அங்குள்ள கிராமப் பள்ளிகளைப் பார்த்தனர். திரும்பி வந்து, தம் குழந்தைகளுக்கு ஏற்ற அட்டைகளையும் பாட்டுகளையும் தாமே உருவாக்கினர். அதே ரிஷிவேலி முறையின் தாக்கத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் தமிழகம் முழுவதும் விரிந்தது. விரிவாக்கத்தில் ஆசிரியருக்குக் கிடைத்தது அட்டைகள். உருவாக்கும் அனுபவம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்றே நான் கருதுகிறேன். ஒரு வட்டாரத்தில் பல்வகுப்புக் கற்பித்தலை நன்றாகக் கையாளும் ஆசிரியர் ஒருவராவது இருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து, மற்றவர்கள் அவர் வகுப்பைப் பார்க்க ஏற்பாடு செய்வதும், அவருக்குப் பயணப்படியும் மதிப்பூதியமும் முறையாகத் தருவதும் நம் வேலை.

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணி நேரம் நடந்தது என்று மட்டும் அறிக்கை எழுதுவதையும் நிறுத்த வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே வகுப்புகளுக்குச் சென்று, பயிற்சியில் சொன்னவற்றுள் எது இன்னும் நடக்கிறது, எதை ஆசிரியர் கைவிட்டார், கைவிட்டதற்கு அவர் சொல்லும் காரணம் என்ன என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த பயிற்சியின் பொருளை அந்தக் காரணங்களிலிருந்தே எடுங்கள்.