குடிநீர் வாரியத்துக்கு நீர்த்தடக் கணக்குப் போடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஒரு நாளைக்கு ஊருக்கு எத்தனை எம்.எல்.டி (ஒரு எம்.எல்.டி என்பது நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர்) தண்ணீர் விடுகிறோம் என்று கேட்டால், குடிநீர்ப் பிரிவில் இருப்பவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் எந்த ஆற்றுப்படுகையிலிருந்து (ஒரு ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் பகுதி முழுவதும்) வந்தது, அதில் எவ்வளவு அதே படுகைக்குத் திரும்பிப் போனது, என்ன தரத்தில் போனது என்ற மூன்று கேள்விக்கும் ஒரே தாளில் பதில் வைத்திருக்கும் அலுவலகம் அரிது. நீர்த்தடக் கணக்கு அந்தத் தாளைத் தயாரிக்கும் வேலைதான். எக்செல் தெரிந்தால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா 2002இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். 2011இல் அவரும் சக ஆய்வாளர்களும் கணக்கிடும் முறைக்கு ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். எல்லை வகுப்பது, கணக்குப் போடுவது, அது தாங்குமா என்று பார்ப்பது, என்ன செய்வது என்று முடிவெடுப்பது என நான்கு கட்டம். ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை லிட்டர் என்று நாம் படிக்கும் மறைநீர்க் கணக்குகளுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. குடிநீர் வாரியத்துக்கு இதைப் பயன்படுத்தும்போது மட்டும் கவனம் வேறு இடத்துக்குப் போகும், அதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

படி 1: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

முதலில் மூன்று நிறங்கள். நீலம் என்பது ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுத்து, அதே படுகைக்குத் திரும்பிப் போகாத தண்ணீர். சாம்பல் என்பது நாம் விடும் கழிவை ஏற்றுக்கொண்டு தரம் கெடாமல் இருக்க ஆற்றுக்குத் தேவைப்படும் தண்ணீர். பச்சை என்பது மழையாக விழுந்து மண்ணில் தங்கிப் பயிர் உறிஞ்சுவது. அது விவசாயக் கணக்கு, நாம் விட்டுவிடலாம்.

அடுத்து, யாருடைய தண்ணீரைச் சேர்ப்பது? வாரியம் விடும் தண்ணீர் மட்டுமா, அல்லது தனியார் லாரியும் அடுக்குமாடிகளின் போர்வெல்லும் சேர்த்தா? என் கருத்து, இரண்டையும் எடுங்கள், ஆனால் எக்செல் தாளில் தனித்தனிப் பத்தியில் (column) வையுங்கள். ஏனென்றால் போர்வெல் தண்ணீரும் கடைசியில் வாரியத்தின் பாதாளச் சாக்கடைக்குத்தான் வருகிறது. விட்ட குடிநீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வரும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் கழிவுநீர் உந்து நிலையத்தில் அதைவிட அதிகம் வந்தால், மிச்சம் போர்வெல்லோ மழைநீர்க் கலப்போதான்.

படி 2: எடுத்த தண்ணீரைப் படுகைவாரியாகப் பிரியுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். சென்னையையே எடுத்துக்கொள்வோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் பெய்து சேரும் மழை உள்ளூர்ப் படுகைத் தண்ணீர். வீராணம் அப்படியில்லை. கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக வரும் காவிரித் தண்ணீர், 2004 முதல் குழாயில் நாளுக்கு 180 எம்.எல்.டி வரை சென்னைக்கு வருகிறது. அதில் ஒரு சொட்டுகூடக் காவிரிக்குத் திரும்புவதில்லை. அதனால் காவிரியைப் பொறுத்தவரை, எடுத்த அளவு முழுவதும் நீலத்தடம். குளித்ததா, குடித்ததா, சாக்கடையில் போனதா என்ற கேள்வியே அங்கே கிடையாது.

கிருஷ்ணா நீர் இன்னும் ஒரு படி மேல். தெலுங்கு கங்கை ஏற்பாட்டில் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி (ஒரு டி.எம்.சி என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும், மொத்தம் 15. வழியில் ஆவியாகவும் கசிவாகவும் 3 போகும் என்று கழித்து, சென்னைக்கு 12 என்று கணக்கு. நடைமுறையில் பெரும்பாலான வருடம் அதைவிடக் குறைவாகத்தான் வருகிறது, அது வேறு விஷயம். நம் கணக்கில் எதை எழுத வேண்டும்? ஆந்திர எல்லையில், இந்த நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயிண்டில் அளந்ததை மட்டும் எழுதினால் தப்பு. சென்னைக்காகக் கிருஷ்ணாவிலிருந்து எடுத்தது எவ்வளவோ, வழியில் போனதையும் சேர்த்து, அதுதான் கிருஷ்ணாப் படுகையில் சென்னையின் தடம். டி.எம்.சியை மாற்றத் தெரிந்துகொள்ளுங்கள்: 1 டி.எம்.சி சுமார் 2,832 கோடி லிட்டர். வருடத்துக்கு 12 டி.எம்.சி என்றால் நாளுக்கு ஏறக்குறைய 930 எம்.எல்.டி.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வீதம் தண்ணீர் வந்ததே, அதுவும் காவிரித் தண்ணீர்தான், வீராணம் இருக்கும் அதே பத்தியில் போக வேண்டும். மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளின் தண்ணீருக்கு நன்னீர்ப் படுகை எதிலும் நீலத்தடம் இல்லை, மின்சாரச் செலவும் உவர்க்கழிவும்தான் உண்டு. அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள், இந்தக் கணக்கில் அவை சரியாகத் தெரியாது.

சரி, எண்கள் எங்கே கிடைக்கும்? பம்ப் ஹவுஸ் லாக் புக்கில். ஃப்ளோ மீட்டர் இல்லாத இடத்தில் பம்ப் ஓடிய நேரத்தைப் பெயர்ப்பலகையில் உள்ள திறனால் பெருக்கி எழுதியிருப்பார்கள். பழைய பம்ப் அந்த அளவைத் தராது. சரிபார்க்க ஒரு வழி: மேல்நிலைத் தொட்டியின் வெளியேறும் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் பம்ப் ஓட்டி, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 1 மீட்டர் ஏறினால் சுமார் 78,500 லிட்டர், அதாவது மணிக்கு 1,57,000 லிட்டர். லாக் புக்கில் இரண்டு லட்சம் என்று இருந்தால், எந்த எண்ணை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

படி 3: நீலத்தடம்

ஒரு கற்பனை நகரம் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 எம்.எல்.டி எடுக்கிறது: சொந்தப் படுகை ஏரியிலிருந்து 35, போர்வெல் 5, பக்கத்துப் படுகை ஆற்றிலிருந்து 20. குழாயில் 12 கசிகிறது. வீடுகளுக்குப் போவது 48, அதில் கழிவுநீராக வருவது 38.

பக்கத்துப் படுகை ஆறு: 20, முழுவதும் தடம். இது முடிந்தது.

சொந்தப் படுகையில் எடுத்தது 40, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் கசிவிலும் கழிவுநீரிலும் மூன்றில் இரண்டு பங்கை இதற்கு எழுதுங்கள். கசிவு 8, நிலத்துக்குள் போகிறது என்று கொள்வோம். கழிவுநீர் 25, ஆற்றில் விடப்படுகிறது. 40இல் 33 திரும்பிவிட்டது, மிச்சம் 7. அப்புறம் ஏரியின் ஆவி இழப்பு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 50 லட்சம் லிட்டர் போச்சு. நம் ஏரி 2 சதுர கிலோமீட்டர், குடிநீருக்கு மட்டுமே பயன்படுகிறது, ஆக 10 எம்.எல்.டி. மொத்தம் 17. ஏரியில் பாசனமும் இருந்தால் இந்தப் பத்தைப் பங்கு பிரிக்க வேண்டும்.

இதே நகரம் கடற்கரையில் இருந்து, கழிவுநீர் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்விட்டால்? அந்த 25 திரும்பவில்லை. சொந்தப் படுகைத் தடம் 17இலிருந்து 42 ஆகிவிடும். மக்கள் தொகை அதேதான், குழாயில் விட்ட தண்ணீரும் அதேதான். வாரியத்தின் வழக்கமான அறிக்கை எதிலும் இந்த வித்தியாசம் தெரியாது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றையும் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

கசிவைத் தடமாக எழுதவில்லையே, அப்படியானால் கசிந்தால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. சுத்திகரித்து, மின்சாரம் செலவழித்து ஏற்றிய தண்ணீர் அது, வெளிப்படுகையிலிருந்து வந்த பங்கு எப்படியும் தடம்தான். தண்ணீர் வெளியே போகும் அதே விரிசல் வழியாக, குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் சாக்கடையும் உள்ளே வரும்.

படி 4: சாம்பல் தடம்

சூத்திரம் எளிது. நாளொன்றுக்கு விடும் மாசின் எடையை, ஆறு தாங்கக்கூடிய உச்ச அளவிலிருந்து இயற்கை அளவைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். பல மாசுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட்டு, எது பெரியதோ அதை மட்டும் எடுக்க வேண்டும், கூட்டக் கூடாது.

பி.ஓ.டியை எடுப்போம், அதாவது தண்ணீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு. குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவு. இயற்கையாக 1 இருக்கிறது என்று கொள்வோம், வித்தியாசம் 2. நம் நகரத்தின் 38 எம்.எல்.டி கழிவுநீரில் 30 சுத்திகரிக்கப்பட்டு லிட்டருக்கு 30 மில்லிகிராமில் வெளியேறுகிறது. மாசு 900 கிலோ, தடம் 450 எம்.எல்.டி. மிச்சம் 8 எம்.எல்.டி சுத்திகரிக்காமலே ஓடையில் போகிறது, லிட்டருக்கு 250. மாசு 2,000 கிலோ, தடம் 1,000 எம்.எல்.டி.

அந்த எட்டைப் பாருங்கள். நிலையத்துக்கு வரும் முப்பதைவிட, வராத எட்டு இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றைத் தின்கிறது. மொத்தம் 38ஐயும் பிடித்து, லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குச் சுத்திகரித்தால் தடம் 1,450இலிருந்து 190 ஆக இறங்கிவிடும்.

படி 5: தாங்குமா?

வருட சராசரி இங்கே ஏமாற்றும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊரில் நவம்பரும் ஜூனும் ஒன்றில்லை. மாதவாரியாகப் போடுங்கள். ஆற்றின் இயற்கை ஓட்டத்தில் 80 சதவீதத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டு, மிச்சம் 20 சதவீதத்தோடு, அந்தப் படுகையில் எல்லோரும் வைக்கும் நீலத்தடத்தை ஒப்பிடுவது கையேட்டு வழி. நம் பகுதி ஆறுகளுக்கு இது மிகக் கடுமையாகத் தோன்றும், இருந்தாலும் எந்த மாதம் சிவப்பு என்று பார்க்க உதவும். நிலத்தடி நீருக்கு வேலை சுலபம்: உங்கள் குறுவட்டம் எந்த வகையில் இருக்கிறது என்று அரசு மதிப்பீட்டில் பாருங்கள். ஊறும் தண்ணீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 100ஐத் தாண்டினால் அளவு மீறிய உறிஞ்சல்.

படி 6: எங்கே கை வைப்பது?

நம் கற்பனை நகரத்தில் பதில் தெளிவு. முதலில் அந்த 8 எம்.எல்.டியைச் சாக்கடைக் குழாயில் சேர்க்க வேண்டும். அடுத்து, சுத்திகரித்த நீரைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்து, வெளிப்படுகைத் தண்ணீரை அதே அளவு குறைக்க வேண்டும். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019இல் வந்த 45 எம்.எல்.டி நிலையங்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன, கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்புகின்றன. கவனம், ஆலைக்குக் கொடுத்த பிறகு வெளிப்படுகையிலிருந்து எடுப்பது குறையாவிட்டால் நீலத்தடம் குறையாது. கொடுத்ததையும் குறைத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் தடவை போடும்போது பாதி எண்கள் மதிப்பீடாகத்தான் இருக்கும். மீட்டரில் எடுத்ததற்கு ஒரு நிறம், மதிப்பிட்டதற்கு இன்னொரு நிறம் கொடுத்து வையுங்கள். மதிப்பிட்ட எண்களில் எது பெரியதோ, அடுத்த நிதியாண்டில் வாங்கும் முதல் ஃப்ளோ மீட்டரை அங்கே மாட்டச் சொல்லுங்கள்.