மாரிக்கு முன் வளவுத் தோட்டத்தை முடித்து வைப்பது எப்படி

கச்சான் காற்று ஓய்ந்து, புரட்டாதி நடுவில் பின்நேரங்களில் மேகம் கட்டத் தொடங்கினால், தோட்டத்தை முடித்து வைக்க இன்னும் நாலைந்து கிழமைதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் கடைசியில் மாரி பிடித்தால் ஆண்டு மழையின் பெரும்பங்கு பெப்ரவரிக்குள் இலங்கையின் கிழக்குக் கரையான இங்கே கொட்டிவிடும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணலில் கிணற்று நீர் தரைமட்டம் வரை ஏறும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் களியில் தண்ணீர் வடிய வழியின்றி நிற்கும். கோடைப் பயிரை அப்படியே விட்டால் காய் அழுகும், விதை பழுதாகும், நோய் மண்ணில் தங்கியிருந்து தையில் நடும் கன்றைப் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று: பயிர் எடுத்த பாத்திக்கு இப்போது எரு போடாதீர்கள். பாத்தியைக் கொத்தி, ஆட்டெருவும் கோழியெருவும் பரப்பி, மழையில் ஊறட்டும் என்று விடுவது நம் பக்கத்தில் பரவலான பழக்கம். ஆனால் களுதாவளை, ஆரையம்பதி, தம்பிலுவில் போன்ற கரையோர ஊர்களின் மணல் எருவின் சத்தைப் பிடித்து வைக்காது. எருவிலுள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறி மழைநீரோடு கீழே இறங்கிவிடும். கீழே இருப்பதோ அதே வளவின் குடிநீர்க் கிணற்று ஊற்று. நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்குக் கேடு. எருவை மேட்டில் குவித்துக் கிடுகாலோ பொலித்தீனாலோ மூடி வையுங்கள். ஜனவரியில் மழை தணிந்தபின் கன்று நடும் குழிக்குப் போட்டால் பாதி எருவே போதும்.

விதைக்கு விடுவதுதான் முதல் வேலை

காய் முற்றிக் காய மூன்று நாலு கிழமை வேண்டும் என்பதால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். நல்ல காய் எது என்று பார்ப்பதை விட நல்ல செடி எது என்று பாருங்கள். கோடை முழுக்க நோய் தீண்டாமல் காய்த்த மூன்று நாலு செடிகளில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் வீட்டில் யாரும் கறிக்குப் பறிக்கமாட்டார்கள். பாக்கெட்டில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து வந்த செடியை விதைக்கு விடவேண்டாம். அடுத்த தலைமுறை தாயைப்போல் இராது.

வெண்டியும் பயற்றையும் செடியிலேயே பழுப்பாகிக் காய்ந்து, ஆட்டினால் கலகலக்க வேண்டும். அதற்கு முன் மழை வந்துவிட்டால் காம்போடு வெட்டி அடுப்படிக் கூரைக்குக் கீழே தொங்கவிடலாம். கத்தரி மஞ்சளாகிச் சுருங்கும்வரை நிற்கட்டும். பிறகு பிளந்து, சதையைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுங்கள், மிதப்பது சப்பி. பாவற்காய் செம்மஞ்சளாகி வெடிக்கும் தறுவாயில் எடுத்து, விதையைச் சுற்றிய சிவப்புத் தோலைச் சாம்பலில் தேய்த்துக் கழுவ வேண்டும். பீர்க்கு கொடியிலேயே கூடாகக் காயட்டும். பூசணியை முற்றிய பிறகு பறித்து மூன்று கிழமை நிழலில் வைத்து, அதன்பின் வெட்டி விதை எடுத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். பக்கத்து வளவில் வேறு இனப் பூசணி இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்திருக்கும். அந்த விதையை நம்ப வேண்டாம். பயற்றைக்கு அந்தக் கவலை குறைவு, அது பெரும்பாலும் தன் பூவிலேயே கருக்கட்டும்.

விதையைச் சீமெந்து நிலத்தில் நடுவெயிலில் பரப்பாதீர்கள். சூட்டில் முளை செத்துவிடும். பாயிலோ சுளகிலோ பரப்பிக் காலை வெயிலில் மூன்று நாள் காயவிட்டு, ஆறியபின் பல்லால் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. டக்கென்று உடைந்தால் சரி. இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரம் அரித்த உலர்ந்த சாம்பலைப் போட்டு, மேலே துணி விரித்து, விதையைக் கழுத்துவரை நிரப்புங்கள். மாரியில் காற்றே ஈரம். பாதி வெறுமையான போத்தல் அந்த ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். பயற்றை விதையை வண்டு துளைக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது வேப்பெண்ணெய் பூசினால் வண்டின் முட்டை பொரிக்காது.

எதைப் பிடுங்குவது, எதை விடுவது

ஒவ்வொரு செடியும் பிடுங்கப்படும்போது அதன் வேரைப் பார்க்க வேண்டும். அடுத்த போகத்தில் எந்தப் பாத்தியில் எதை நடக்கூடாது என்பதை அது சொல்லிவிடும்.

கத்தரி, வெண்டி, தக்காளி, பாகல் வேரில் முண்டு முண்டாக வீக்கம் இருந்தால் அது வட்டப்புழுவின் (மண்ணில் இருந்து வேருக்குள் புகும் நுண்ணிய புழு) வேலை. மணல் நிலத்தில் இது மிகுதி. பயற்றை வேரிலும் சிறு உருண்டைகள் இருக்கும், ஆனால் அவை நல்லவை. நகத்தால் தட்டினால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். புழு வீக்கம் வேரோடு வேராகத் தடித்திருக்கும், உதிராது. வீங்கிய வேரை முழுதாகக் கிண்டி எடுத்து வெயிலில் காயவைத்து எரியுங்கள். குப்பைக் கூட்டெருவில் போட்டால் தோட்டம் முழுக்கப் பரப்பிவிடுவீர்கள்.

பச்சையாக இருந்தபடியே திடீரென்று வாடிய கத்தரியையும் தக்காளியையும் இப்படிச் சோதிக்கலாம்: தண்டை அடியில் நாலு அங்குலத் துண்டாக வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கிளாசில் நுனி மட்டும் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல நூல் இறங்கினால் அது பக்றீரியா வாடல். அந்தக் குழியில் இரண்டு மூன்று வருடத்துக்குக் கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் எதுவும் நடவேண்டாம். அங்கே சோளனோ வெங்காயமோ போடுங்கள். வெட்டிய கத்தியை நெருப்பில் காட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போக வேண்டும்.

நரம்பு மஞ்சளான வெண்டியையும் இலை சுருண்ட கொச்சிக்காயையும் விடியற்காலையில் எடுங்கள், வெயில் ஏறினால் வெண்ஈ பறந்து அயல் வளவுக்குப் போய்விடும். செடிக்கு மேலால் பொலித்தீன் பையைக் கவிழ்த்து, பையோடு பிடுங்குவது இன்னும் நல்லது. பழ ஈ குத்தி விழுந்த பாகல், பீர்க்கு, புடோல் காய்களைக் கறுப்புப் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் புழு வெந்துவிடும். மணலில் இரண்டு அடிக்குக் குறைவாகப் புதைத்தால் ஈ மேலே வந்துவிடும்.

நோயில்லாத பயற்றையைப் பிடுங்க வேண்டாம். தரையோடு அறுத்து வேரை விட்டுவிடுங்கள், மழையில் மணலைப் பிடித்து வைப்பது அந்த வேர்தான். மேட்டுப் பாத்தியில் நிற்கும் கத்தரிக்கும் இன்னும் வாழ்வு உண்டு. மழைக்கு இரண்டு கிழமை முன்பே தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, நாலு கண்ணாவது மிஞ்சும்படி சரிவாக வெட்டினால் புதுக்கிளை வந்து சுமார் இரண்டு மாதத்தில் மறுபடி காய்க்கும். வெட்டிய நுனிகளில் குருத்துப்புழு இருக்கும், எரித்துவிடுங்கள்.

வற்றாளையை நிலம் நனையுமுன் கிண்டுங்கள். மரவள்ளி பிடுங்கினால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். எனவே பள்ளத்தில் நிற்பதை முதலில் எடுத்து, மிச்சத்தைச் சீவிக் காயவைக்கலாம். தடியை வெட்டித் துண்டாக்காமல் முழுதாக நிழலில் நிமிர்த்தி வையுங்கள். முதல் மழையில் எட்டு அங்குலத் துண்டாக மேட்டில் நடலாம்.

வெறும் மண்ணை விடாதீர்கள்

பாத்தி வெறுமையானால் அன்றே பசுந்தாள் பசளைக்கான சணல் (சணப்பை) விதை தூவுங்கள். பத்தடிக்குப் பத்தடிப் பாத்திக்கு 40 கிராம் போதும். கிணற்றுத் தண்ணீர் விட்டு முளைக்கவைத்தால் மழை தொடங்கும்போது நிலத்தை மூடியிருக்கும். வட்டப்புழுவையும் சணல் அடக்கும். புழு இருந்த பாத்தியில் கௌபி போடுவது தவறு, அதன் வேரிலும் அந்தப் புழு பெருகும். சணலுக்குத் தேங்கும் நீர் ஆகாது. பள்ளத்துக்குத் தக்கைப்பூண்டு பொருந்தும். சுமார் 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது அறுத்து அப்படியே மேலே பரப்பிவிடுங்கள். மழை நடுவில் மண்ணைக் கொத்திப் புரட்டினால் சத்து மறுபடி கிணற்றுக்கே போகும். விதை கிடைக்காவிட்டால் சிறுபோக வைக்கலை நாலு அங்குலம் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே தென்னோலை மட்டை போடுங்கள்.

வாய்க்கால் விடயத்தில் இரண்டு கரைக்கும் ஒரே வழி பொருந்தாது. படுவான்கரைக் களியில் ஓரடி ஆழ வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் ஓடிவிடும். கடலோர மணலில் தண்ணீர் கீழிருந்து ஊறி வருவதால் வாய்க்கால் வெட்டிப் பயனில்லை. நடைபாதை மண்ணை அள்ளிப் பாத்தியில் போட்டு ஓரடி உயர்த்துவதுதான் வழி. எப்படி வெட்டினாலும் தண்ணீர் அயல் வளவுக்குள் விழாமல் பாருங்கள்.

பந்தலைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. வலையைக் கழுவி நிழலில் உலர்த்திச் சுருட்டவும், கம்பின் அடியைச் சுரண்டிக் கறையான் பார்க்கவும், தகரத்தையும் கம்பையும் கட்டி வைக்கவும். 1978 நவம்பர் 23 சூறாவளியை அனுபவித்தவர்களுக்குப் பறக்கும் தகரம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. முருங்கையை நாலடி உயரத்தில் வெட்டினால் காற்றில் முறியாது. வேலியில் இடைவெளி விழுந்த இடத்தில் ஐந்தடிக் கிளிசரிடியாக் கதியாலை முதல் மழையோடு நடுங்கள், இல்லாவிட்டால் கட்டாக்காலி மாடு சணலை மேய்ந்துவிடும்.

கூட்டெருவுக்குக் கிடங்கு வேண்டாம், நீர் நிரம்பி நாறும். மேட்டில் மூன்றடி அகலம், மூன்றடி உயரமாகக் குவியுங்கள்: அரை அடி வைக்கல் அல்லது சருகு, அதன்மேல் நாலு அங்குலம் நோயற்ற பச்சை இலை, மேலே இரண்டு அங்குலம் மாட்டெரு, இப்படியே அடுக்கடுக்காக. கிடுகால் மூடி, மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் ஜனவரிக்குத் தயார்.

மண்வெட்டியையும் கத்தியையும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசினால் கறள் பிடிக்காது. மிச்ச மருந்துப் போத்தலைப் பூட்டி, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். மருந்தடிக்கும் தாங்கியை மூன்று முறை கழுவ வேண்டும், கிணற்றடியில் அல்ல. பூவாளி, டயர்ச் சாடி, வாளி, சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து விடுங்கள். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பத்து நாளுக்குள் பறக்கத் தயாராகிவிடும்.

டிசம்பர் நடுவில் போத்தலிலிருந்து ஒவ்வொன்றிலும் இருபது விதை எடுத்து ஈரத்துணியில் சுற்றி ஒரு கிழமை வையுங்கள். பதினாலுக்குக் குறைவாக முளைத்தால் இரட்டிப்பாகத் தூவ வேண்டும். கொச்சிக்காய் நாற்றுமேடையை அப்போதே தாழ்வாரத்தில் போட்டுவிடலாம்.