பழைய லொறி இஞ்சினுக்குப் புதிய கேம் ஷாஃப்ட்: பொருத்துவதும் பழக்குவதும்

மலையகத்துக் கொழுந்து லொறிகளிலும், நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குக் கோவாவும் லீக்ஸும் ஏற்றிச் செல்லும் லொறிகளிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய இஞ்சின்களில் பெரும்பாலானவை, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் எனும் தண்டின் மேடுகள்மீது, அம்மேடுகளின் தூக்கலை வால்வுப் பக்கம் கடத்தும் தட்டையான அடியுடைய டெப்பட்கள் நேரடியாக உராய்ந்து இயங்கும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை இஞ்சினுக்குப் போடப்படும் புதிய கேம் ஷாஃப்ட் பல ஆண்டுகள் உழைக்குமா, சில நாட்களிலேயே தேய்ந்துவிடுமா என்பது, இஞ்சின் ஓடத் தொடங்கும் முதல் அரை மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே பொருத்தும் வேலை முழுவதையும் அந்த அரை மணி நேரத்துக்கான ஆயத்தமாகவே கருத வேண்டும்.

இதற்கான காரணம் டெப்பட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அதன் அடி பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும், பல இஞ்சின்களில் அது மிக மெல்லிய குவிவுடன் தீட்டப்பட்டிருக்கும். கேம் மேடும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சற்றே சரிந்திருக்கும். இந்தச் சரிவினால்தான் ஒவ்வொரு முறை தூக்கப்படும்போதும் டெப்பட் தன் துளைக்குள் சிறிது சுழல்கிறது. சுழலும்வரை தேய்மானம் அடி முழுவதும் பரவும். சுழல்வது நின்றால் ஒரே இடத்தில் சுமை விழுந்து, மேட்டின் கடினமான மேற்பரப்பு அரிபட்டு, அதன் பின் மேடு விரைவாகக் கரைந்துவிடும். புதிய மேடும் புதிய டெப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகும் காலமே இதற்கு மிக ஆபத்தான காலம்.

இஞ்சினைக் கழற்றுவதற்கு முன் பழைய கேம் உண்மையிலேயே தேய்ந்துள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வால்வுகளை அழுத்தும் ரொக்கர்களை எடுத்துவிட்டு, டெப்பட்டின் அசைவை ரொக்கருக்குக் கொண்டுசெல்லும் புஷ்ரொட் ஒவ்வொன்றின் தலையிலும் டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவுமானி) வைத்து, கிரேங்க் ஷாஃப்டைக் கையால் சுற்றி, அது எவ்வளவு உயர்கிறது என்று அளந்து எழுதுங்கள். இன்லெட் மேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவையும், எக்ஸோஸ்ட் மேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவையும் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் அந்த மேடு போய்விட்டது என்று பொருள். அப்படித் தேய்ந்த இரும்பு எங்கே போயிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: அது ஒயிலோடு கலந்து இஞ்சின் முழுவதும் சுற்றியிருக்கும். ஒயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பைக் கழற்றிக் கழுவாமல், ஒயில் உறிஞ்சும் வலையையும் ஒயில் கூலரையும் சுத்தம் செய்யாமல், மெயின் பியரிங் ஒன்றையாவது திறந்து பார்க்காமல் புதிய கேம் போடுவது வீண் செலவாகும்.

உதிரிப்பாகங்களை வாங்கும்போது, கேம் ஷாஃப்டுடன் டெப்பட்களையும் முழுத் தொகுதியாகப் புதிதாக வாங்குங்கள். “பழைய டெப்பட் நன்றாகத்தானே இருக்கிறது” என்று கராஜ்களில் அடிக்கடி சொல்லப்படும், அதை ஏற்காதீர்கள். பழைய டெப்பட்டின் அடி, பழைய மேட்டுக்கு ஏற்பத் தேய்ந்து குவிவை இழந்திருக்கும். அது புதிய மேட்டின்மீது சுழலாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும், கண்டியில் வாங்கினாலும், இரண்டு டெப்பட்களின் அடிகளை ஒன்றோடொன்று ஒட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குவிவுள்ள வகையாயின் ஓரங்களில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரியும். லேத்தில் மீண்டும் தீட்டிய கேம் ஷாஃப்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிகம் தீட்டினால் கடினப்படுத்திய மேலடுக்கு மெலிந்துபோவதோடு, மேடில்லாத பக்கத்தின் அடிவட்டம் சிறுத்து ரொக்கரின் நிலையும் மாறிவிடுகிறது.

பொருத்தும் வேலையில் அவசரம் கூடாது. பியரிங் புஷ்களின் ஒயில் துளைகள் பிளாக்கின் துளைகளோடு நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு டெப்பட்டையும் அதன் துளையில் வெறும் ஒயில் தடவி விட்டுப் பார்த்தால், தன் எடையிலேயே மெதுவாக இறங்கவும் விரலால் தடையின்றிச் சுழலவும் வேண்டும். அடி அகன்ற டெப்பட் உள்ள இஞ்சின்களில் அவற்றைக் கேமுக்கு முன்பே உள்ளே ஏற்றி, கீழே விழாதபடி நிறுத்திவைக்க வேண்டும். புதிய கேமின் துருத்தடுப்புப் பூச்சைக் கழுவி நீக்கியதும் அதை அன்றே பொருத்திவிடுங்கள். மலைநாட்டுப் பனிமூட்டத்தின் ஈரத்தில் வெறும் உருக்கு ஓரிரவிலேயே துருப்பிடிக்கக்கூடும். ஷாஃப்டின் பியரிங் பகுதிகளுக்கு இஞ்சின் ஒயிலும், மேடுகளுக்கும் டெப்பட் அடிகளுக்கும் மொலிப்டினம் டைசல்ஃபைட் கலந்த கேம் பேஸ்ட்டும் தாராளமாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் இதற்கு ஈடாகாது. முன்முனையில் நீண்ட பொல்ட் ஒன்றைப் பிடியாக மாட்டிக்கொண்டால், மேடுகளின் விளிம்பு புஷ்களைக் கீறாமல் ஷாஃப்டை உள்ளே செலுத்தலாம்.

டைமிங் கியர்களின் குறிகளை நேர்ப்படுத்திப் பூட்டிய பின், கிரேங்க் ஷாஃப்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தடை உணரப்பட்டால் நிறுத்துங்கள். ஒரு பல் தவறினாலும் வால்வு பிஸ்டனில் மோத இடமுண்டு. இடையில் ஐட்லர் கியர் உள்ள இஞ்சின்களில் இரண்டு சுற்றுக்குப் பின் எல்லாக் குறிகளும் மறுபடி ஒன்றாக நேர்ப்படுவதில்லை, அது தவறன்று. கேமின் முன்பின் அசைவை இஞ்சின் கைநூலின் அளவோடு ஒப்பிடுங்கள். டெப்பட் இடைவெளியையும் (வால்வு மூடியிருக்கும்போது ரொக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி) அதன்படியே வையுங்கள்: எல்ஃப் லொறிகளில் வரும் ஐசுசு 4பிடி1 இஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் இது 0.40 மில்லிமீட்டர்.

இனி முக்கியமான பகுதி. இஞ்சின் முதல் தடவையே உடனடியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டரால் நீண்ட நேரம் சுற்றினால் மேடுகளில் பூசிய பேஸ்ட் வழிக்கப்பட்டுவிடும். அதேவேளை அவற்றை நனைக்கும் அளவுக்கு ஒயிலும் வந்து சேராது. டீசல் இஞ்சின் பற்றாமல் இழுப்பதற்குப் பொதுவான காரணம் லைனில் புகுந்த காற்று. எனவே ஃபில்டரிலிருந்து டீசல் பம்ப் வரை கைப்பம்பால் காற்றை முழுமையாக வெளியேற்றுங்கள். பற்றரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். ஒயில் பிரஷர் சுவிட்ச் பொருந்தும் துளை வழியாக, அழுத்தக் கலன் ஒன்றால் ரொக்கர் வரை ஒயிலை ஏற்றிவிடுங்கள். ஒயிலாக 15டபிள்யூ-40 மினரல் டீசல் ஒயிலையே, ஏபிஐ சிஐ-4 தரத்தில் பயன்படுத்துங்கள். துத்தநாக-பொஸ்பரஸ் சேர்மங்கள் குறைக்கப்பட்ட புதிய கார் ஒயில்கள் இதற்கு ஏற்றவையல்ல.

ரேடியேட்டரிலும் கவனம் வேண்டும். சுமார் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இல்லாமல், நின்ற இடத்தில் அரை மணி நேரம் வேகமாக ஓடும் இஞ்சின் கொதித்து, பழக்கும் வேலை நடுவிலேயே நின்றுவிடும். லொறியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். குளிருக்காகக் கராஜ் கதவுகளை மூடி வைத்துக்கொண்டு இஞ்சினை ஓட்டாதீர்கள். புகை உயிருக்கு ஆபத்தானது. டீசலை நிறுத்தும் நெம்புகோல் அருகே ஒருவர் நிற்கட்டும்.

இஞ்சின் பற்றியதும் ஒயில் அழுத்தம் ஏறுவதை உறுதிசெய்துகொண்டு, ஐட்லிங்கில் (எக்சிலரேட்டரை மிதிக்காத குறைந்த வேகத்தில்) விடாமல் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு உயர்த்துங்கள். குளிர்ந்த காலையில் இஞ்சினை ஐட்லிங்கில் வைத்துச் சூடேற்றுவது நம் ஓட்டுநர்களின் நெடுநாள் வழக்கம். புதிய கேமுக்கு அதைவிடக் கெடுதலானது வேறில்லை. இந்த இஞ்சின்கள் பலவற்றில் மேடுகளுக்கு வேண்டிய ஒயிலில் பெரும்பகுதி, வேகமாகச் சுழலும் கிரேங்க் ஷாஃப்டிலிருந்து தெறித்து வருவதே. வேகம் குறைந்தால் தெறிப்பும் குறையும். மேலும் வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் மேட்டின் உச்சியில் விழுவது குறைந்த வேகத்திலேயே. எனவே 20 முதல் 30 நிமிடம் வரை 1,500க்கும் 2,000க்கும் இடையே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பழைய பெட்ரோல் லொறி இஞ்சினாயின் 2,000 முதல் 2,500 வரை போகலாம். கைநூல் வேறு அளவு கூறினால் அதையே பின்பற்றுங்கள். சுற்றைக் காட்டும் மீட்டர் இல்லாத லொறிக்குக் கிரேங்க் புலியில் ஒளி பிரதிபலிக்கும் நாடாவை ஒட்டி, கையடக்க டாக்கோமீட்டரால் அளக்கலாம்.

புஷ்ரொட்களில் முன்கூட்டியே பெயின்ட் கோடு ஒன்று இட்டிருந்தால், ரொக்கர் மூடியைத் திறந்து வைத்து முதல் நிமிடத்திலேயே அவை சுழல்கின்றனவா என்று காணலாம். ஒன்று சுழலாமல் நின்றால் இஞ்சினை உடனே நிறுத்துங்கள். அந்த டெப்பட்டை அப்போதே கழற்றிப் பார்த்தால் கேமைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. ஒயிலோ தண்ணீரோ கசிந்தாலும் ஐட்லிங்கில் வைத்துக்கொண்டு சாவியைத் தேடாதீர்கள். நிறுத்திச் சரிசெய்துவிட்டு, மீதி நேரத்தை அதே வேகத்தில் ஓட்டி முடியுங்கள்.

அரை மணி நேரம் முடிந்ததும் ஒயிலைச் சூடாகவே இறக்கி, ஃபில்டரை மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்துக் காந்தத்தால் தடவுங்கள். கரும் சாம்பல் நிறப் பசை பேஸ்ட்டின் எச்சம், அது இயல்பானது. விரலில் உறுத்தும் செதில்கள் வந்தால் ரொக்கர்களை மறுபடி கழற்றி, டயல் கேஜால் ஒவ்வொரு மேட்டையும் அளக்க வேண்டும். இஞ்சின் குளிர்ந்த பின் டெப்பட் இடைவெளியையும் மீண்டும் பாருங்கள். ஏதேனும் ஒன்றில் மட்டும் இடைவெளி கூடியிருந்தால் அந்த மேடு தேயத் தொடங்கிவிட்டது.

முதல் சில நாட்களுக்கு முழுப் பாரம் ஏற்ற வேண்டாம். தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறும்போதும், கடுகண்ணாவை ஏற்றத்திலும், உயர் கியரில் இஞ்சினைத் திணறவிடாமல் முன்கூட்டியே கியரைக் குறைத்து, சுற்று விழாமல் ஏறுங்கள். உயரத்தில் காற்றடர்த்தி குறைவதால் புகை சற்றுக் கூடலாம். அதைப் பார்த்து டீசல் பம்ப்பைத் திருகாதீர்கள். சுமார் 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அப்போதும் இடைவெளிகளை அளந்து, முந்தைய அளவுகளின் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.