யாருக்கு என்று சொல்லாமல் ஓட்டுப்போடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

என் அத்தைக்கு 71 வயதில் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. நியூவார்க்கில் உறுதிமொழி எடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "நவம்பர்ல ஓட்டு இருக்காமே. யாருக்குப் போடணும்னு நீயே சொல்லிடும்மா."

கும்பகோணத்தில் ஒரு தேர்தலைக்கூட விடாதவர் அவர். எனக்கும் நாக்கு நுனியில் ஒரு பெயர் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் ஒன்பது வருடமாக லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் என்ற பெண் வாக்காளர் சங்கத்தில் தொண்டு செய்கிறேன். எந்தக் கட்சியையும் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதும் இல்லை, எதிர்ப்பதும் இல்லை என்பது அதன் அடிப்படை விதி. வாக்காளர் பதிவு மேசையில் உட்காரும்போது கட்சி பேட்ஜ்கூடக் குத்திக்கொள்ள மாட்டோம்.

இந்தச் சங்கம் 1920 பிப்ரவரியில் சிகாகோவில் பிறந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் உறுதியாவதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. பெண் ஓட்டுரிமை இயக்கத் தலைவர் கேரி சாப்மன் கேட் யோசனை சொல்ல, மாட் வுட் பார்க் முதல் தலைவரானார். சுமார் 2 கோடிப் பெண்கள் வாக்காளர்கள் ஆகப்போகிறார்கள், ஓட்டுச்சீட்டையே பார்த்திராதவர்கள். அவர்களுக்காகக் குடிமைப் பள்ளிகள் நடத்தினார்கள். மாதிரிச் சீட்டு வைத்துப் பழக்கினார்கள். நூறு வருடம் கழித்து எங்கள் சாப்பாட்டு மேசையில் அத்தையோடு நான் செய்ததும் அதேதான்.

முன்பெல்லாம் பல ஊர்களில் உறுதிமொழி விழா முடிந்த கையோடு அங்கேயே சங்கத்தினர் புதுக் குடிமக்களை வாக்காளர்களாகப் பதிய உதவுவார்கள். குடியேற்றத் துறை நடத்தும் விழாக்களில் மாநில, உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகள் மட்டுமே அதைச் செய்யலாம் என்று 2025 ஆகஸ்டில் விதி மாறிவிட்டது. அதனால் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து செய்வது இப்போது இன்னும் அவசியம்.

பதிவில்தான் தொடங்க வேண்டும். நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பே முடித்துவிட வேண்டும். ஆன்லைனில் செய்யலாம், காகிதப் படிவத்திலும் செய்யலாம். அத்தை தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். அதற்குத் தடை இல்லை. ஆனால் தபால் ஓட்டு என்றால் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். படிவத்தில் கட்சியைக் குறிக்கும் கட்டம் கட்டாயம் இல்லை. அதை நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். டிரைவிங் லைசென்ஸ் வாங்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதியலாம் என்ற 1993ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சங்கம் பல வருடம் போராடிக் கொண்டுவந்த ஒன்று. நல்ல சட்டம். ஆனால் கிரீன் கார்டில் இருப்பவர் அங்கே அவசரத்தில் 'நான் குடிமகன்' என்று டிக் செய்துவிட்டால், பின்னால் நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். வீட்டில் பெரியவர்கள் லைசென்ஸ் அலுவலகம் போகும்போது கூடப் போங்கள்.

குடியுரிமை என்றதும் சங்கம் போராடிய இன்னொரு சட்டம் நினைவுக்கு வருகிறது. அந்நியரை மணந்த அமெரிக்கப் பெண் குடியுரிமையை இழப்பாள் என்று 1907இல் சட்டம் இருந்தது. 1922இல் கேபிள் சட்டம் அதைப் பெருமளவு மாற்றியது. ஆனால் குடியுரிமை பெறத் தகுதியற்ற ஆசியரை மணந்தால் அவள் குடியுரிமை போகும் என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். மறு வருடமே, இந்தியாவிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்த் என்பவரின் குடியுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர்களையும் தகுதியற்றவர்கள் பட்டியலில் தள்ளியது. மனைவிக்கான அந்த விதி 1931இல் நீங்கியது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946 ஆனது. இதை அத்தையிடம் சொன்னபோது கையிலிருந்த சான்றிதழைத் திரும்ப ஒருமுறை பார்த்தார்.

சங்கத்தின் சொந்த வரலாற்றிலும் கறை உண்டு. ஆரம்ப காலத்தில் கறுப்பினப் பெண்களைப் பல இடங்களில் சேர்க்கவில்லை. சங்கமே அதைப் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மறைக்காமல் சொல்ல வேண்டியது இது.

சரி, பதிவு முடிந்தது. தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு வரும். குப்பையில் போட்டுவிடாதீர்கள், பாடப்புத்தகமே அதுதான். அத்தை அதை விரித்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "சின்னமே இல்லையேம்மா?" நம் ஊரில் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கிப் பழகியவருக்கு இது பெரிய திகைப்பு. கவுண்டி, நகர மன்றம், பள்ளிக் குழு, அப்புறம் வாக்காளரிடம் நேரடியாகக் கேட்கும் ஆமாம்-இல்லை கேள்வி என்று வரிசையாக எழுத்துதான். ஒரு நாளைக்கு ஒரு பதவி என்று எடுத்துக்கொண்டோம். இன்னார் என்ன வேலை செய்வார், எந்தப் பணம் அவர் கையில் இருக்கும் என்பதை மட்டும் சொன்னேன். பள்ளிக் குழுவுக்கு ஒன்பது பேர் நின்றார்கள், மூவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிறகு சங்கத்தின் வோட்411 தளத்தில் எங்கள் முகவரியைப் போட்டோம். எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகள் போகும். பதிலை ஒரு எழுத்துகூடத் திருத்தாமல் அப்படியே போடுவார்கள். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். இந்த இடத்தில்தான் நாம் வழுக்குவோம். பிடித்தவர் பதிலை உற்சாகமாகவும் பிடிக்காதவர் பதிலை அலுப்பாகவும் வாசித்துவிடுவோம். இரண்டாம் நாள் நான் அதைச் செய்துவிட்டேன். அத்தை உடனே பிடித்துவிட்டார்: "இவரை உனக்குப் பிடிக்கலை, இல்ல?" அன்றிலிருந்து வேட்பாளர் பெயரை மறைத்து, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வாசித்தேன். இதை நீங்களும் செய்யுங்கள், நன்றாக வேலை செய்கிறது.

நடுநிலை காக்கச் சங்கம் பெரிய விலையும் கொடுத்திருக்கிறது. 1976, 1980, 1984 ஆண்டுகளில் ஜனாதிபதி வேட்பாளர் விவாதங்களை இதுதான் நடத்தியது. 1988இல் புஷ், டுகாக்கிஸ் இருவரின் பிரசாரக் குழுக்களும் தங்களுக்குள் 16 பக்க ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்து நீட்டின. கேள்வி கேட்பவர்களைத் தேர்வதிலிருந்து அரங்கில் யார் உட்காருவது என்பதுவரை எல்லாம் அவர்கள் கையில். வாக்காளர்களை ஏமாற்றும் வேலைக்குத் துணை போக மாட்டோம் என்று சொல்லிச் சங்கம் விலகியது. அந்த மேடை திரும்ப அதன் கைக்கு வரவில்லை. அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஓட்டுச்சாவடியில் ஆங்கிலம் படிக்க வராதவர்கள் பயப்பட வேண்டாம். வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவின்படி, படிக்க முடியாதவர் தனக்கு நம்பிக்கையானவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். முதலாளியும் தொழிற்சங்க நிர்வாகியும் மட்டும் கூடாது. துணைக்குப் போகிறவர் அவர் சொன்னதைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். நியூ ஜெர்சியில் சாவடி காலை 6 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். 8 மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் போதும்.

நானும் கூட வரத் தயாராகத்தான் இருந்தேன். அத்தை மாதிரிச் சீட்டில் பென்சிலால் குறித்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். "நீ வெளியவே இரும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.