வெறும் எழுத்தாக வந்த விலைப் பக்கம்

பாலக்கோட்டு சந்தைக்குத் தக்காளி ஏற்றும் நாள். விடிகாலையில் விலை பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறந்தால், பக்கம் முழுக்க வெறும் எழுத்து. அடிக்கோடிட்ட நீல மெனு வரிவரியாகக் கீழே இறங்கியது. பட்டியலில் கோடே இல்லை, எண்கள் நெருக்கியடித்து நின்றன. "நெட் போச்சாப்பா?" என்றார் அப்பா. நெட் போயிருந்தால் எழுத்தும் வராதே! பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோப்புதான் வரவில்லை.

பக்கத்தை முழுக்கப் புதிதாக ஏற்ற, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். மாற்றமில்லை. பிரைவேட் விண்டோவில் ஒழுங்காக வந்தது. பிரவுசரில் நாம் சேர்த்து வைக்கும் துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்கள் அங்கே பெரும்பாலும் ஓடாது. அப்புறம் சாதாரண விண்டோவில் எஃப்12 அழுத்தி, எந்தக் கோப்பு வந்தது, எது வரவில்லை என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன்: சிஎஸ்எஸ் வரி சிவப்பில் இருந்தது. விளம்பரத் தடுப்பான் என்ற எக்ஸ்டென்ஷன்தான் அதை மறித்திருக்கிறது. அந்தத் தளத்துக்கு மட்டும் அதை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றினேன். கோடுகள் வந்தன. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலையைப் படித்தார்.