ஐரோப்பாவில் ஊர்விட்டு ஊர் போகும்போது மருந்து வாங்குவது எப்படி?

நான் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறேன். தைராய்டுக்காகத் தினமும் காலையில் லெவோதைராக்ஸின் 75 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்கிறேன். விடுமுறை கிடைத்தால் ரயிலேறி ஆஸ்திரியா, இத்தாலி என்று போய்விடுவேன். கையில் இருக்கும் மாத்திரை தீர்ந்தால் போன இடத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்குச் செய்ய வேண்டிய வேலையில் பாதி, வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டு மருத்துவர் எழுதிய சீட்டு மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். 2011இல் வந்த ஒன்றியச் சட்டம் இதற்கு வழி செய்தது. ஆனால் சீட்டில் சில விவரங்கள் இருந்தாக வேண்டும்: உங்கள் முழுப் பெயர், பிறந்த தேதி, சீட்டு எழுதிய தேதி, மருத்துவரின் பெயர், தகுதி, முகவரி, தொடர்பு எண், கையெழுத்து, மருந்தின் ஜெனரிக் பெயர் (கம்பெனி வைத்த பிராண்டு பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), மாத்திரையா ஊசியா என்பது, எத்தனை, என்ன அளவு, எப்படிச் சாப்பிடுவது. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்ட நம்மவர்களுக்கு இங்கேதான் முதலில் இடிக்கும்.

ஜெர்மனியில் 2024 ஜனவரி 1 முதல் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குத் தாளில் இல்லாமல் கணினி வழியாகத் தரும் மின்சீட்டுதான் வழக்கம். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினால் உள்ளூர்க் கடையில் மருந்து வந்துவிடும். வெளிநாட்டுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். பயணத்துக்கு முன்பே மருத்துவரின் வரவேற்பு மேசையில், “வெளிநாட்டில் வாங்க வேண்டும், தாளில் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். சில நாடுகள் மின்சீட்டை எல்லை தாண்டியும் ஏற்கின்றன. பின்லாந்துச் சீட்டுக்கு எஸ்டோனியாவில் மருந்து கொடுப்பது 2019இலேயே தொடங்கிவிட்டது. அந்த வசதி இன்னும் எல்லா நாட்டுக்கும் வரவில்லை.

ஜெனரிக் பெயரை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. என் மாத்திரைக்கு ஜெர்மனியில் ஒரு பிராண்டு பெயர் யூதைராக்ஸ், இத்தாலியில் யூதிரோக்ஸ், நம் ஊரில் பலர் வாங்குவது தைரோநார்ம். உள்ளே இருப்பது ஒரே மருந்து. இத்தாலியின் போலோன்யாவில் ஒரு கடையில் என் சீட்டைக் கொடுத்தபோது, அந்தப் பெண் ஜெனரிக் பெயரையும் அளவையும் பார்த்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனார். மொழி ஒரு தடையாகவே இல்லை. அளவை எழுதும் விதத்தையும் கவனியுங்கள். 75 மைக்ரோகிராம் என்பது 0.075 மில்லிகிராம்; ஐரோப்பாவின் பல நாடுகளில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 0,075 என்று எழுதுவார்கள். காலிப் பெட்டியையும் கையோடு கொண்டுபோவது நல்லது. தைராய்டு மாத்திரையில் பிராண்டு மாறியிருந்தால், ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

பணத்தை முழுசாகக் கடையிலேயே கட்ட வேண்டியிருக்கும். சீட்டைக் கடையிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு, அதனால் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ரசீதையும் சேர்த்து ஊர் திரும்பியதும் இன்சூரன்ஸுக்கு அனுப்பினால், உள்நாட்டில் என்ன கொடுத்திருப்பார்களோ அதுவரை திரும்பக் கிடைக்கும்.

கடையைக் கண்டுபிடிப்பது எளிது. ஜெர்மனியில் சிவப்பு ‘ஏ’ எழுத்து. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் பச்சைச் சிலுவை. ஞாயிற்றுக்கிழமையும் இரவும்தான் சிக்கல். அன்று முறை வைத்து எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதை மூடிய கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். ஜெர்மனியில் கைபேசியில் 22833, பிரான்ஸில் 3237 என்ற எண்ணிலும் கேட்கலாம். இத்தாலியின் சிறு ஊர்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் மாலையில் திறப்பார்கள்.

மார்பின் போன்ற வலி மருந்துகள், சில தூக்க மாத்திரைகள், கவனக்குறைவுக் கோளாறுக்கான (ADHD) சில மாத்திரைகள் வேறு கணக்கு. இவற்றை வெளிநாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், கையில் கொண்டுபோங்கள். ஷெங்கன் நாடுகளுக்குள் கொண்டுபோக மருத்துவர் நிரப்பி, அதிகாரிகள் முத்திரையிட்ட சான்று வேண்டும். ஒரு மருந்துக்கு ஒரு சான்று; 30 நாள்தான் செல்லும்.

லண்டனிலிருந்து பாரிஸில் உள்ள உறவினர் வீட்டுக்கு வருபவர்களுக்கு ஒன்று: பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகிய பிறகு, அங்கே எழுதிய சீட்டை ஒன்றிய நாடுகளில் உரிமையோடு நீட்ட முடியாது. போதுமான மருந்தை எடுத்து வாருங்கள்.

நம் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மா விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. இந்தியச் சீட்டுக்கு இங்கே மருந்து தரமாட்டார்கள். ஜெர்மனிக்குள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்குத் தேவையானதைக் கொண்டுவரலாம், ஆகவே முழுசாக வாங்கி, ஜெனரிக் பெயரோடு மருத்துவரின் ஆங்கிலக் கடிதமும் சேர்த்து, கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நம் ஊரில் தரும் கூட்டு மாத்திரைகளில் பல இங்கே கிடையாது. தீர்ந்துபோனால் குடும்ப மருத்துவரிடம் பணம் கட்டிக் காட்டி, புதுச் சீட்டு வாங்க வேண்டும். பயண இன்சூரன்ஸ் பழைய நோய்க்கான மருந்துக்குப் பெரும்பாலும் பணம் தராது.

இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்றே தனி சிரிஞ்சு உண்டு. இங்கே பேனாவில் வருவது பெரும்பாலும் 100 யூனிட். 40க்கான சிரிஞ்சில் 100ஐ எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. எனவே மருந்து மாறினால் ஊசியும் மாற வேண்டும். முதல் ஊசியை மருத்துவரோ மருந்துக்கடைக்காரரோ சொல்லிக்கொடுத்த பிறகே போடுங்கள். ஜெர்மனியில் மருத்துவர் பார்க்கும் நேரம் முடிந்திருந்தால் 116117 என்ற எண்ணை அழையுங்கள். சர்க்கரை இறங்கி மயங்கினால் தாமதிக்காமல் அவசர எண் 112.