பக்கத்து நாட்டில் பீர் வாங்கப் போகிறீர்களா? திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

எல்லை தாண்டினால் பீர் மலிவு என்று யாராவது சொன்னதும் பலர் முதலில் விலையைத்தான் விசாரிப்பார்கள். நான் தலைகீழாகத்தான் தொடங்குவேன். எவ்வளவு கொண்டுவரலாம் என்று தெரிந்த பிறகுதான் எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்ற பேச்சே.

படி 1: சுங்க வரம்பைப் பாருங்கள்

இது நாட்டுக்கு நாடு மாறும், அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் 110 லிட்டர் வரை பொதுவாகக் கேள்வி வராது. அதே ஒன்றியத்துக்குள் அதில் சேராத நாட்டிலிருந்து நுழைந்தால் தீர்வை இல்லாமல் 16 லிட்டர்தான். 330 மில்லி கேன் 24 கொண்ட ஒரு பெட்டி 7.92 லிட்டர். இரண்டு பெட்டி என்றால் 15.84. அதோடு கணக்கு முடிந்தது.

அமெரிக்காவிலிருந்து கனடா திரும்புபவருக்கு 8.5 லிட்டர், அதாவது 355 மில்லி கேன் 24. அதற்கும் குறைந்தது 48 மணி நேரம் வெளியே தங்கியிருக்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்புபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருபவர்களுக்கோ தீர்வையில்லா மதுச் சலுகையே இல்லை. ஒரு கேன் என்றாலும் தீர்வை உண்டு. பக்கத்து நாடு என்பதாலேயே விதி கடுமையாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

திரும்பப் போகும் நாட்டின் சுங்கத் துறை இணையதளத்தை, கிளம்புவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். நண்பர் போன வருடம் சொன்னதை நம்ப வேண்டாம்.

படி 2: எந்தக் கடை, எந்த நேரம்

ஜெர்மனியில் சாதாரண மளிகைக் கடையிலேயே பீர் கிடைக்கும், 16 வயதானவர் வாங்கலாம். ஸ்வீடனில் மளிகைக் கடையில் 3.5 சதவீதம் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிஸ்டம்போலாகெட் என்ற அரசு கடைக்குப் போக வேண்டும். அங்கே வாங்க 20 வயது ஆகியிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நார்வேயில் மளிகைக் கடைகள் 4.7 சதவீதம் வரை விற்கும். ஆனால் வார நாட்களில் இரவு 8 மணி, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் விற்பனை இல்லை. சிங்கப்பூர்க் கடைகளில் இரவு 10.30 முதல் காலை 7 வரை விற்கக் கூடாது.

ஞாயிறு காலை போய் ஞாயிறு மாலை திரும்பும் பயணத்தில் பீரை நம்பிப் போவது வீண். சரி, பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நரைத்த தலையைப் பார்த்தும் வயது கேட்கும் கடைகள் இருக்கின்றன.

படி 3: லேபிளைப் படியுங்கள்

மொழி புரியாது என்றாலும் எண்கள் புரியும். அதுவே பாதி வேலை. முதலில் சதவீதக் குறியோடு இருக்கும் எண்ணைத் தேடுங்கள், அதுதான் ஆல்கஹால் அளவு. செக் நாட்டில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே 10°, 12° என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ஆல்கஹால் இல்லை. புளிக்க வைப்பதற்கு முன் கரைசலில் இருந்த சர்க்கரை முதலியவற்றின் அடர்த்தி. 10° என்றால் ஏறத்தாழ 4 சதவீதம், 12° என்றால் ஏறத்தாழ 5. அதை அப்படியே சதவீதமாக நினைத்து அலறுபவர்களும் உண்டு, ஆவலோடு அள்ளுபவர்களும் உண்டு.

ஜெர்மன் மொழியில் 'அல்கோஹோல்ஃப்ரை' என்றால் மது நீக்கியது. அதிலும் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். 'ராட்லர்' என்றால் எலுமிச்சைப் பானம் கலந்தது. நான் ஒருமுறை நீல லேபிள் அழகாக இருக்கிறதே என்று ஒரு கிரேட் முழுக்க வாங்கி, அறையில் திறந்து இரண்டு மிடறு குடித்த பிறகுதான் அது மது இல்லாத வகை என்று கண்டுபிடித்தேன். உடன் வந்தவர்கள் இன்னும் அதை விடவில்லை.

அப்புறம் தேதி. ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு பூ. அதன் மணம் தூக்கலாக இருக்கும் ஐபிஏ போன்ற பீர் வகைகள் நாளாக ஆகச் சப்பென்று ஆகிவிடும், அதனால் புதிதாக வந்ததையே எடுங்கள். கறுத்த, கனமான வகைகள் தாக்குப் பிடிக்கும். பாட்டிலின் நிறத்தையும் கவனியுங்கள். ஒளி பட்டால் ஹாப்ஸில் உள்ள சில சேர்மங்கள் மாறி ஒரு நாற்றம் வரும். பழுப்புக் கண்ணாடி அதை ஓரளவு தடுக்கும், பச்சையும் நிறமற்றதும் அவ்வளவாகத் தடுக்காது, கேனுக்குள் ஒளியே போகாது. வெயில் படும் ஜன்னலோரத்தில் சலுகை விலையில் அடுக்கியிருக்கும் பச்சைப் பாட்டில்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 4: ஒன்று குடித்துப் பார்த்து, பிறகு பெட்டி

முதல் நாள் நாலைந்து வகைகளில் ஒவ்வொன்று மட்டும் வாங்கி அறையில் ருசி பாருங்கள். பிடித்ததைத் திரும்பும் நாளில் மொத்தமாக வாங்கலாம். விலையை ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து ஒப்பிடுங்கள். 330 மில்லியும் 500 மில்லியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது கண் ஏமாந்துவிடும். கார்டு இயந்திரம் எந்த நாட்டுப் பணத்தில் கழிக்க என்று கேட்டால், கடை இருக்கும் நாட்டின் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இயந்திரம் மாற்றித் தரும் விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

படி 5: கட்டுவதும் ஏற்றுவதும்

500 மில்லி கண்ணாடிப் பாட்டில் 20 கொண்ட கிரேட் ஏறத்தாழ 20 கிலோ கனக்கும். விமானத்தில் வருபவர்கள் கேனையே வாங்குங்கள். தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, துணிகளுக்கு நடுவில், பதிவு செய்யும் பெட்டியில் வைக்க வேண்டும். காரில் என்றால் டிக்கியில், மூடி திறக்காமல். திறந்த பாட்டில் காருக்குள் இருந்தாலே குற்றம் என்று சொல்லும் இடங்கள் பல. கடுங்குளிரில் இரவு முழுக்கக் காரில் விடவும் வேண்டாம், உறைந்து கேன் வெடிக்கும்.

ஜெர்மனியில் விலையோடு டெபாசிட்டும் சேரும். சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கு 25 சென்ட். 20 பாட்டிலோடு கிரேட்டையும் எடுத்தால் டெபாசிட் மொத்தம் 3.10 யூரோ. அறையில் குடித்து முடித்த காலிகளை எல்லை தாண்டுவதற்கு முன்பே கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, வரும் சீட்டைக் கல்லாவில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.